கோப்பு வந்து சேர்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது: பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழக மாநிலப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், அந்த நாற்காலி காலியாக இருக்கும் இடங்களில் பொறுப்புக் குழுவினர், பதிவாளர்கள், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தார்.

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா,

வணக்கம். ‘பார்வை’ என்ற தலைப்பின் கீழ் முந்தைய கடிதத்தின் எண்ணையும் நாளையும் குறிக்காமல் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. 31 வருடம் கல்லூரி அலுவலகத்தில் இருந்தேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். உங்கள் செக்‌ஷன்களுக்கு எங்கள் கல்லூரியிலிருந்து வந்த கவரிங் லெட்டர்களில், முதல்வர் கையெழுத்துக்குக் கீழே இடது ஓரத்தில் சின்னதாக ஒரு இனிஷியல் இருந்திருக்கும். அது என்னுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இளங்கலை படிக்கும் பிள்ளை பாதியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பித்தால் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் மேசைக்கு அது கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்காக மடித்து வைத்த ஃபைலாக வருகிறது. எங்கள் மேசைக்கு அது ஆளாக வரும்.

2022 ஜூலையில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அந்தப் பெண் வேறு மாவட்டத்தில், வேறு பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு முடித்திருந்தாள். அரியர் ஒன்றுகூட இல்லை. அப்பா லாரி டிரைவர். மே மாதம் ஒரு விபத்தில் போய்விட்டார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா தன் தாய்வீட்டுக்கு, எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். இங்கே ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடித்து அடுக்கும் வேலை. அந்தச் சம்பளத்தில் மகளின் விடுதிக் கட்டணத்தைக் கட்ட முடியாது. எங்கள் கல்லூரியில் இரண்டாமாண்டு வேதியியலில் மூன்று இடம் காலி. முதலாண்டில் சேர்ந்து பாதியில் நின்றுபோன பிள்ளைகளின் இடங்கள் அவை. முதல்வர் பார்த்தார், “சேர்த்துக்கலாமே, ஃபைல் போடுங்க” என்றார். அவ்வளவு சுலபமாகத்தான் ஆரம்பித்தது.

பிறகு என்னென்ன கேட்கப்பட்டது என்பதை வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே அலுத்துவிடும், ஆனாலும் கொஞ்சம் சொல்கிறேன். பழைய கல்லூரியின் தடையின்மைச் சான்று. அங்கே நூலகத்தில் பாக்கி இல்லை, விடுதியில் பாக்கி இல்லை, ஆய்வகத்தில் உடைத்த கண்ணாடிக்குப் பாக்கி இல்லை என்று தனித்தனிக் கையெழுத்து. “சீட்டை நீ விட்டுப் போனால் யார் வந்து சேருவார்கள்” என்று இரண்டாமாண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டச் சொன்னார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பில், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது, படிக்கும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்துக்கு மேல் முன்கூட்டி வாங்கக் கூடாது என்று இருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அதைக் கண்டுதான் மனம் மாறினார்களா, அந்த அம்மா அவர்கள் அலுவலக வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்ததைக் கண்டா, தெரியாது. மூன்று வாரம் கழித்துத் தந்தார்கள்.

அடுத்து, படித்த இரண்டு செமஸ்டருக்கும் பாடத்திட்ட நகல். அது அந்தப் பல்கலைக்கழக இணையதளத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் சீலும் சுருக்கொப்பமும் வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் ஜெராக்ஸ் எடுத்த கட்டைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போய், பணம் கட்டி, மறுநாள் வரச் சொன்னதால் ஒரு தோழி வீட்டில் தங்கி, சீல் வாங்கி வந்தாள். ஒரு பக்கத்தில் சீல் பாதிதான் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, அதை யாரும் கேட்கவில்லை. கேட்டது வேறு.

நாங்கள் எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஃபார்வர்டு செய்தோம். அதில் எங்கள் பங்குக்கும் நான்கு நாள் போனது. தபால் பார்க்கும் தம்பி விடுப்பில் இருந்தார், நானும் கவனிக்கவில்லை. அங்கிருந்து ஃபைல் பாடத்திட்டக் குழுத் தலைவருக்குப் போனது. அவர் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தார். அவரிடமிருந்து வந்த குறிப்பில் இரண்டு வரி. ஒன்று, அந்தப் பெண் படித்த துணைப்பாடம் பொருந்தவில்லை. இரண்டு, சுற்றுச்சூழல் கல்வித் தாள் காணவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த மடலின் பாதி இதில்தான் இருக்கிறது. நம் கலை, அறிவியல் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளால் ஆனது. பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டு ஆங்கிலம், மூன்று மேஜர் என்னும் முதன்மைப் பாடமும் அலைடு என்னும் துணைப்பாடமும், நான்கில் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் தாள்கள், ஐந்தில் என்.எஸ்.எஸ். போன்றவை. ஒவ்வொரு தாளுக்கும் அதன் அளவுக்கு ஏற்ப கிரெடிட் என்ற புள்ளி உண்டு. மூன்று வருடமும் முடிந்தால் பெரும்பாலான இடங்களில் 140 கிரெடிட். பல பல்கலைக்கழகங்களில் வேதியியல் மாணவி கணிதமும் இயற்பியலும் துணைப்பாடமாகப் படித்துத்தான் வெளியே வருவாள். ஒரு பல்கலைக்கழகம் முதலாண்டில் கணிதத்தையும் இரண்டாமாண்டில் இயற்பியலையும் வைக்கும். இன்னொன்று திருப்பி வைக்கும். இந்தப் பெண் கணிதம் முடித்திருந்தாள். எங்கள் இரண்டாமாண்டில் நடந்துகொண்டிருந்ததும் கணிதம். அதாவது படித்ததையே மறுபடி படிக்க வேண்டும், படிக்காத இயற்பியலை மேலதிகத் தாளாக எழுத வேண்டும், அதற்குச் செய்முறையும் உண்டு. சுற்றுச்சூழல் தாளும் அப்படித்தான். எங்களிடம் முதல் செமஸ்டர், அங்கே நான்காவது செமஸ்டர். படிக்காமல் விட்டாள் என்று குறிப்பில் எழுதிய தாள், பழைய கல்லூரியிலேயே இருந்திருந்தால் அடுத்த ஏப்ரலில் எழுதியிருப்பாள்.

தமிழ்த் தாளில்கூட இந்தக் கூத்து உண்டு. ஒரு இடத்தில் புதுக்கவிதையிலும் சிறுகதையிலும் தொடங்கி, பக்தி இலக்கியம், காப்பியம் என்று பின்னோக்கி நடந்து சங்க இலக்கியத்தில் முடிப்பார்கள். வரிசை மாறிய இடத்துக்குப் போனால் ஒரே பிள்ளை ஆண்டாளை இரண்டு முறை எழுதி, குறுந்தொகையைப் பார்க்காமலே பட்டம் வாங்கும். இதை ஈடுசெய்ய எங்கள் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் மாறி வந்த பிள்ளைகளை மதிய உணவு நேரத்தில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். அவருக்கு அதற்கு ஒரு ரூபாய் கிடையாது.

ஃபைல் அலைந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் அந்தப் பெண் எங்கே இருந்தாள்? எங்கள் வகுப்பில்தான். முதல்வர் வாய்மொழியாகச் சொல்லி உட்கார வைத்தார். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. பாடம் எடுத்த ஆசிரியை கடைசிப் பெயருக்குக் கீழே பென்சிலால் அவள் பெயரை எழுதி, வரிசை எண் போடாமல், தினமும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். ஆய்வகத்தில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் குழாய் அவளுக்கு என்று ஒதுக்கவில்லை. பக்கத்துப் பெண்ணோடு பகிர்ந்துகொண்டாள். இளஞ்சிவப்பு தோன்றிய சொட்டில் கையை நிறுத்தத் தெரிந்த பிள்ளை என்று ஆய்வக உதவியாளர் என்னிடம் வந்து சொன்னார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. வாரம் ஒருமுறை அந்த அம்மா கடைக்குப் போகும் வழியில் அலுவலகத்தில் எட்டிப் பார்ப்பார். “மேடம், இன்னும் ஒரு கையெழுத்துதானே பாக்கி?” “வந்துடும்மா” என்பேன். பத்துப் பன்னிரண்டு முறை அப்படிச் சொல்லியிருப்பேன்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு ஆணை வந்தது. மூன்றாம் பருவத்தில் சேர அனுமதி, மேலதிகத் தாள்கள் இத்தனை, பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டின் ஒப்புதலுக்கு உட்பட்டது. எல்லாம் சரி. ஆனால் சேர்ந்த நாள் என்று பதிவேட்டில் ஏறுவது ஆணை வந்த நாள்தான். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். மிச்சம் இருந்தது 20 சொச்சம். 75 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுதலாம், 65-க்கு மேல் இருந்தால் அபராதம் கட்டி எழுதலாம், அதற்குக் கீழே வழி இல்லை. பென்சில் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தேன். 80 சதவீதத்துக்கு மேல் வந்தது. அதை எந்தப் படிவத்தில் எழுதி அனுப்புவது? தேர்வுக் கட்டணத்துக்கான கடைசி நாளும் முடிந்திருந்தது. ஒற்றைப்படை செமஸ்டர் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அடுத்த ஜூனில் வாம்மா என்றோம்.

அவள் வரவில்லை. அம்மா வேலை செய்த கடையிலேயே பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.காம். முதலாண்டிலிருந்து தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன். இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் அந்த வருடம் செப்டம்பர் 5-இல்தான் தொடங்கியது. அவளுக்குத் தகுதி இருந்தது. பழைய கல்லூரியில் கேட்டால் அவள் போய்விட்டாள் என்றார்கள். எங்கள் கணக்கில் அவள் இன்னும் வரவில்லை.

ஒரு பெண்ணின் கதையை வைத்து ஊரையே குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 31 வருடத்தில் இப்படி எத்தனையோ ஃபைலைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் ‘மாறுவதற்கான காரணம்’ என்று ஒற்றை வரியில் ஒரு கோடு இருக்கும். எல்லாரும் அதில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்றே எழுதுவார்கள். நான்தான் அப்படி எழுதச் சொல்வேன். படிப்பின் நடுவில் கல்யாணம் ஆகி, புருஷன் ஊரில் படிப்பைத் தொடர மாமியாரிடம் அனுமதி வாங்கியதே பெரிய விஷயமாக இருந்த பெண், விடுதியில் சாதி சொல்லிக் கிண்டல் பட்டவன், டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாத்தாவை அழைத்துப்போக வீட்டில் ஆள் இல்லாதவன், அப்பாவுக்கு மாற்றல் வந்த போலீஸ்காரர் மகள் என்று எல்லாரும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். காரணத்தை விரித்து எழுதினால் அதற்கு ஆதாரம் கேட்டு ஒரு குறிப்பு வரும், இன்னும் இரண்டு வாரம் போகும். அனுபவத்தில் கற்றது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த பிள்ளை நேராக பி.இ. இரண்டாமாண்டில் சேர்கிறது. பி.எஸ்சி. முடித்தவர்களும் சேரலாம். அதற்கென்று தனிக் கலந்தாய்வே உண்டு, காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரி அதை நடத்தியிருக்கிறது. அந்த டிப்ளமோ வேறு வாரியம் நடத்தும் படிப்பு. அங்கே படித்த ஒவ்வொரு தாளையும் பி.இ. முதலாண்டுத் தாளோடு வைத்து வரிவரியாக யாரும் பார்ப்பதில்லை. மொத்தமாக நம்புகிறோம், அந்தப் பிள்ளைகளும் நன்றாகவே படித்து வெளியே வருகிறார்கள். அந்த நம்பிக்கையில் கால்வாசி, வேதியியலிலிருந்து வேதியியலுக்கு, பி.காமிலிருந்து பி.காமுக்கு மாறுகிற பிள்ளைமேல் ஏன் இல்லை?

நீங்கள் இரண்டு பல்கலைக்கழகம் என்று பிரித்துப் பார்க்கும் கோடும் ரொம்பப் பழையது இல்லை. 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம் வரும் வரை சேலத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வரும் வரை வேலூரும் அப்படித்தான். 1995-இல் ஒரு மாணவன் சேலத்திலிருந்து வேலூருக்கு மாறியிருந்தால் அவன் பல்கலைக்கழகமே மாறியிருக்க மாட்டான், பாடத்திட்டமும் அதேதான். 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிரியும் வரை திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் நடுவே அந்தக் கோடு இல்லை. ரொம்பக் கிட்டத்தில், 2021-இல், விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் ஒரே வருடத்தில் திருவள்ளுவரிலிருந்து விழுப்புரத்தில் தொடங்கிய புதுப் பல்கலைக்கழகத்துக்கும், அதிலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் போயின. கட்டடம், ஆசிரியர், பெஞ்சு, கரும்பலகை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, சட்டசபையில் ஒரு மசோதாவில் பல்கலைக்கழகம் மாறியது. கல்லூரி கல்லூரியாக மாற முடிகிறது. தனியாக ஒரு பிள்ளை மாற வந்தால்தான் ஒவ்வொரு பக்கத்திலும் சீல்.

பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் இருக்கும் என் தோழி ஒருத்தி இதையெல்லாம் கேட்டால் சிரிப்பாள். அவர்களுக்கு மாநிலம் முழுக்க ஒரே இணைப்புப் பல்கலைக்கழகம். சொந்தமாகப் பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும் தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில் ஒரே ரெகுலேஷன், ஒரே பாடக் குறியீடு. அங்கேயும் மாற்றத்துக்கு ஃபைல் உண்டு, அலைச்சல் உண்டு. ஆனால் ‘இந்தத் தாள் அந்தத் தாள்தானா’ என்ற கேள்விக்கு வேலை இல்லை.

நாம் அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். கிரெடிட் முறை நம் கல்லூரிகளுக்கு வந்து பல வருடம் ஆகிறது. 2021 ஜூலையில் மானியக் குழு கிரெடிட் வங்கிக்கான விதிமுறையை வெளியிட்டது. மாணவர் எந்த நிறுவனத்தில் சம்பாதித்த கிரெடிட்டையும் ஒரே கணக்கில் சேர்த்து வைக்கலாம், ஏழு வருடம் வரை செல்லும், பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, டிஜிலாக்கர் திறக்கச் செய்து, 12 இலக்க எண்ணை வாங்கிப் பட்டியல் போட்டு அனுப்பினோம். ஓ.டி.பி. வராத போன்களோடு நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. அந்த எண்ணை வைத்து ஒரு பிள்ளை ஊர் மாறியதை நான் ஓய்வு பெறும் வரை பார்க்கவில்லை. புதிய கல்விக் கொள்கையை மாநிலம் ஏற்கவில்லை, வங்கியோ அந்தக் கொள்கையோடு சேர்ந்து வந்தது, அதனால் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது என்று ஒரு பேராசிரியர் சொன்னார். கொள்கைச் சண்டையில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் எண்ணை வாங்கியாகிவிட்டது, அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லையே.

சரி, தில்லியிலிருந்து வந்தது வேண்டாம். உயர்கல்வி மன்றம் தயாரித்த மாதிரிப் பாடத்திட்டம் இருக்கிறதே? 2023-24 முதல் அதைப் பின்பற்றச் சொன்னார்கள். முக்கால் பங்கு பொது, கால் பங்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம் என்றார்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. எங்கள் ஆசிரியர்களும் முணுமுணுத்தார்கள், அந்தந்த ஊருக்கு ஏற்ற தாள் போய்விடுகிறதே என்று. அதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர்த் தொழிலுக்கு என்று வேதியியல் துறை பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஒரு தாள் போனதில் எனக்கே வருத்தம். ஆனால் முக்கால் பங்கு பொது என்றால் மாறி வரும் பிள்ளைக்கு முக்கால் பங்கு கேள்வி குறைய வேண்டும். அப்படிக் குறைந்ததாக இப்போது பணியில் இருக்கும் என் பழைய சகாக்கள் சொல்லவில்லை. இழந்ததை இழந்தாயிற்று, அதற்கு ஈடாக வரவேண்டியதையாவது கொடுங்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் என் பழைய மேலதிகாரிகள் சிரிப்பார்கள். கொல்லைப்புற வழி என்று ஒன்று இருக்கிறது. யாரும் சேராத கல்லூரியில் முதலாண்டு சேர்ந்து, இரண்டாமாண்டில் பெயர்பெற்ற கல்லூரிக்குச் சிபாரிசில் தாவுவது. எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் வந்த கடிதங்களை நானே ஃபைலில் கோத்திருக்கிறேன். போலி மதிப்பெண் பட்டியலும் ஒருமுறை வந்தது, சீல் எல்லாம் அசலைவிட அழகாக இருந்தது. அதனால் கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கண்டிப்பை எங்கே வைப்பது என்பதுதான் என் வழக்கு. சிபாரிசை நிறுத்த, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் இரண்டாமாண்டில் எத்தனை இடம் காலி என்பதை மே மாதமே வெளியிட்டு, விண்ணப்பித்தவர்களை மதிப்பெண்படி வரிசைப்படுத்திப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். எம்.எல்.ஏ. கடிதம் தானாக நின்றுவிடும். போலியைப் பிடிக்க, மதிப்பெண் பட்டியலை ஒரு செக்‌ஷன் இன்னொரு செக்‌ஷனிடம் நேராகக் கேட்கட்டும். துணைப்பாடத்தின் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போலி பிடிபடாது. நல்ல பிள்ளைதான் மாட்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முதலும் முக்கியமுமானது வருகைப் பதிவு. கல்லூரி முதல்வர் காலியிடம் இருக்கிறது என்று கையெழுத்திட்டு விண்ணப்பத்தை ஃபார்வர்டு செய்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் பெயரைத் தற்காலிகமாகப் பேனாவில் எழுத அனுமதியுங்கள். அதற்கு முன் பழைய கல்லூரியில் இருந்த நாட்களையும் அவர்கள் தரும் வருகைச் சான்றின்படி சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஆணை மறுத்து வந்தால் அடித்துவிடலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது. உங்கள் அலுவலகத்தில் ஃபைல் இருந்த நாளெல்லாம் பிள்ளை வகுப்புக்கு வராத நாளாகக் கணக்கில் ஏறுவதை மட்டுமாவது நிறுத்துங்கள். இதற்கு நிதி தேவையில்லை, புதுப் பணியிடம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இரண்டாவது, ஆணை கைக்கு வரும் வரை டி.சி. கேட்காதீர்கள். சில இடங்களில் முதலில் டி.சி. வாங்கி வா, பிறகு விண்ணப்பம் என்கிறார்கள். டி.சி. வாங்கிய பிள்ளை எந்தக் கல்லூரி மாணவர்? பஸ் பாஸ் போச்சு, உதவித்தொகை போச்சு, இங்கே மறுத்தால் அங்கே திரும்பப் போகவும் வழி இல்லை. வேலையை விட்டுவிட்டு வந்து மாற்றல் கேள் என்று நம்மில் யாரிடமாவது சொல்லியிருந்தால் விட்டிருப்போமா?

மூன்றாவது, ஒப்பீட்டு அட்டவணை. எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தத் தாள் இங்கே எந்தத் தாளுக்கு ஈடு என்பதைப் பாடத்திட்டக் குழு ஒவ்வொரு பிள்ளை வரும்போதும் புதிதாக உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. பாடத்திட்டம் மாறும்போது ஒருமுறை பார்த்தால் போதும். வரிசை மாறிய தாள்களை ‘பிறகு எழுத வேண்டியது’ என்று குறித்து, அடுத்த இரண்டு வருடத்தில் ஜூனியர்களோடு சேர்ந்து எழுத விடலாம். ஏற்கெனவே முடித்த தாளை மறுபடி எழுதச் சொல்லக் கூடாது. இவ்வளவையும் பார்த்துக் கையெழுத்திட 15 வேலை நாள் என்று ஒரு கெடு வையுங்கள். அதற்குள் பதில் போகாவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ளலாம் என்று எழுதினால், முகாமில் இருக்கும் குழுத் தலைவர் எங்கிருந்தாலும் பதில் வந்துவிடும். செக்‌ஷன் வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாதா!

அட்டவணை போட ஆள் இல்லை, நேரம் இல்லை என்று முதல் பதில் வரும். அதையும் யோசித்துவிட்டேன். பணியில் இருந்த கடைசி ஆறு வருடம், வந்த ஒவ்வொரு மாற்ற ஃபைலிலும் எந்தத் தாளை ஏற்றீர்கள், எதை மறுத்தீர்கள் என்று குறித்து வைத்தேன். வேதியியல், வணிகவியல், ஆங்கிலம் மூன்றுக்கும் ஓரளவு நிறைந்திருக்கிறது. கணிதத்தில் ஓட்டைகள் உண்டு. லாங்சைஸ் நோட்டில் இரண்டு, பாடக் குறியீட்டோடு, ஆணை நாளோடு. மாணவர் பெயர் எதுவும் அதில் இல்லை. ஒரே தாளை ஒரு வருடம் ஏற்று அடுத்த வருடம் மறுத்த இடங்களைச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பாடத்திட்டம் மாறியதால் பாதி பழசாகியிருக்கும். திருத்திக்கொள்ளலாம்.

அந்த இரண்டு நோட்டையும் தந்துவிடுகிறேன். பதிவுத் தபாலில் அனுப்பினால் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும், அதனால் நேரிலேயே கொண்டு வருகிறேன். எந்த செக்‌ஷன், எந்த மேசை என்று மட்டும் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டு ஒரு இன்வர்டு எண் போட்டுக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்